படுக்கையில் விழுந்த தாய் தந்தையைக் கொழும்பு வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி

பாரிசவாதம் வந்தோ இடுப்பெலும்பு முறிந்தோ வார்ட்டில் கிடந்தவருக்கு ஒரு நாள் காலையில், வீட்டுக்குப் போகச் சொல்லித் துண்டு வெட்டிவிடுவார்கள். பின்னேரத்துக்குள் கட்டில் காலியாக வேண்டும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு மாடிவீடு. இரண்டு அறை, ஒரு குளியலறை. ஒரு பிள்ளை டொரன்டோவில், ஒரு பிள்ளை லண்டனில், மூன்றாவது பிள்ளை இங்கே வேலைக்குப் போய்வருகிறவர். இது அந்த மூன்றாவது பிள்ளைக்காக எழுதப்படுகிறது.

எவ்வளவு பாசமான வீட்டிலும் படுக்கைப் புண் வரும். நாள் முழுக்கத் தலைமாட்டில் இருந்து கையைப் பிடித்து அழுதாலும், அம்மாவை ஒரே பக்கமாகக் கிடக்க விட்டால் சில நாட்களிலேயே முதுகடித் தோல் கறுக்கத் தொடங்கும். ஆகவே பாசத்தை மணிக்கூட்டோடு சேர்த்துக் கட்ட வேண்டும். எந்த நேரம் யார் திருப்புவது, யார் ஊட்டுவது, யார் நித்திரை கொள்வது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மற்றதெல்லாம் அந்தத் தாளுக்குப் பிறகுதான்.

வார்ட்டை விட்டு வரமுன்

துண்டில் எழுதியிருப்பது ஆங்கிலம், தாதி சொல்வது பெரும்பாலும் சிங்களம், கேட்டுக்கொண்டு நிற்கிற நமக்கோ பதற்றம். அதனால் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய், சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். கட்டாயம் கேட்க வேண்டியவை சில உண்டு. விழுங்குவதைச் சோதித்தார்களா? எந்தப் பதத்தில் சாப்பாடு கொடுக்கலாம்? எந்த மருந்து எப்போது நிறுத்தப்படும்? சலக்குழாய் போட்டிருந்தால் எப்போது மாற்ற வேண்டும், எங்கே மாற்றுவது? அடுத்த கிளினிக் எப்போது? ஆளை வரச் சொல்கிறார்களா, அல்லது கிளினிக் கொப்பியுடன் வீட்டார் போனால் மருந்து தருவார்களா?

இன்னொன்று: கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றுவதையும் பக்கம் திருப்புவதையும் தாதியோ பிசியோதெரபிஸ்டோ ஒருமுறை செய்துகாட்ட, அவர் முன்னாலேயே நீங்கள் ஒருமுறை செய்யுங்கள். பார்த்தது மறந்துபோகும், கைபட்டது மறக்காது. துண்டையும் மருந்துச் சீட்டையும் தொலைபேசியில் படம் எடுத்து, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.

கட்டிலும் தோலும்

கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டும். மெத்தையின் மேல்மட்டம் பார்த்துக்கொள்பவரின் இடுப்பளவுக்கு வந்தால் நல்லது. தாழ்ந்த கட்டில் என்றால் கால்களுக்குக் கீழே அசையாத மரக்கட்டை வைத்து உயர்த்தலாம். இதைச் செய்யாத வீடுகளில் சில கிழமைக்குள் இரண்டாவது நோயாளி உருவாகிறார்: முதுகு பிடித்துக்கொண்ட மகள். ஆனால் தானாக எழும்பப் பார்க்கிறவருக்கு உயரமான கட்டில் ஆபத்து. அவருக்கு வேலை நேரத்தில் மட்டும் உயரமாகவும் மற்ற நேரம் தாழ்வாகவும் மாற்றக்கூடிய கட்டில் வாடகைக்குக் கிடைக்குமா என்று பாருங்கள்.

எந்த அறை என்பதும் முக்கியம். வீட்டின் மூலையில் இருக்கிற சின்ன அறை வசதி என்று தோன்றும். முடிந்தால் ஹோலில், யன்னலோரமாகப் போடுங்கள். காலி வீதியின் இரைச்சல், கடற்கரை ரயில், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள், மீன்காரரின் கூப்பாடு எல்லாம் காதில் விழுகிறவருக்கு நேரம் தெரியும். நேரம் தெரிகிறவருக்குக் குழப்பம் குறையும்.

திருப்புவது பகலிலும் இரவிலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. காலை 6 மணிக்கு வலப்பக்கம், 8 மணிக்கு மல்லாக்க, 10 மணிக்கு இடப்பக்கம் என்று அட்டவணை எழுதி, திருப்பியவர் அதில் கையெழுத்து வைக்க வேண்டும். முழுப்பக்கமாகச் சரிக்காதீர்கள். அப்படிச் செய்தால் இடுப்பின் பக்க எலும்பு நேராக மெத்தையில் அழுந்தி அங்கேயே புண் வரும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை அணைத்து, ஏறக்குறைய 30 பாகை மட்டும் சரித்தால் போதும். இரண்டு முழங்கால்களுக்கும் இடையில் ஒரு தலையணை. கெண்டைக்கால்களுக்குக் கீழே நீளவாட்டில் இன்னொன்று. குதிக்கால் மெத்தையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். அடியில் கை விட்டுப் பாருங்கள், தடையில்லாமல் போனால் சரி.

மேலே தள்ளிப் படுக்க வைக்கும்போது கக்கத்தில் கைகொடுத்து இழுக்கிற பழக்கம் நம்மவரிடம் உண்டு. தோல் மெத்தையில் உரசிக் கிழிவதும், பாரிசவாதம் வந்த பக்கத்துத் தோள் மூட்டு விலகுவதும் இதனால்தான். இடுப்புக்கும் தோளுக்கும் கீழே ஒரு மடித்த பெட்சீட் போட்டு, இருவர் இரண்டு பக்கமும் அதைப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். தலைமாட்டை 30 பாகைக்கு மேல் உயர்த்தி வைப்பது சாப்பாட்டு நேரத்திலும் அதற்குப் பிறகு கொஞ்ச நேரமும் மட்டும். மற்ற வேளையில் அப்படி வைத்தால் உடம்பு கீழே சறுக்கி முதுகடி உரசும்.

காலையும் மாலையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய இடங்கள்: முதுகடி, இரண்டு இடுப்பு, குதிக்கால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை, பிடரி, காதுமடல். நம் தோல் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதாவாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தபின் நிறம் மாறாமலே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் படுக்க வைப்பதை உடனே நிறுத்துங்கள். அந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள்; உள்ளே நொந்துபோயிருக்கிற சதை இன்னும் சிதையும். நடுவில் ஓட்டையுள்ள வட்டக் குஷன் வாங்கித் தருவார்கள். வேண்டாம், அது சுற்றிவர அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். தோல் உடைந்துவிட்டால் மஞ்சளோ டெட்டோலோ போடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

காற்று மெத்தை நல்ல உதவி. மோட்டர் மாறி மாறிக் காற்றடைப்பதால் அழுத்தம் இடம் மாறும். ஆனால் அதை வாங்கியதும் திருப்புவதை நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் பிழை. இரண்டையும் செய்ய வேண்டும். அதன் மேல் ஒரே ஒரு பெட்சீட் போடுங்கள். ரப்பர் சீட், போர்வை, மடித்த சாரம் என்று அடுக்கினால் மெத்தை வேலை செய்யாது. கரண்ட் போனால் காற்று இறங்கும். குழாயை எப்படி மூடி காற்றை நிறுத்துவது என்று வாங்கும்போதே கேட்டு, மோட்டரிலேயே ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கொழும்பின் புழுக்கத்தில் வியர்வையும் ஒரு எதிரி. பவுடர் கொட்டினால் மடிப்புகளில் வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி உரசும். மார்புக்குக் கீழ், கவடு, கக்கம் ஆகிய இடங்களை இளஞ்சூட்டுத் தண்ணீரில் துடைத்து, மெல்லிய துவாயால் ஒற்றிக் காயவைப்பதே போதும். பம்பர்ஸ் பாவித்தால் பகலில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்த்து, நனைந்திருந்தால் மாற்றி, நாக ஒட்சைட் கிரீமோ வஸ்லினோ மெல்லியதாகப் பூசுங்கள். பெண்களை எப்போதும் முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும், பின்னிருந்து முன்னால் வந்தால் சலத்தில் கிருமி தொற்றும். முகத்துக்கு ஒரு துணி, கீழே வேறு துணி.

மகள் அப்பாவைக் கழுவ வேண்டி வரும், மகன் அம்மாவைக் கழுவ வேண்டி வரும். இருவருக்கும் கூச்சம். துடைக்கிற பகுதியை மட்டும் திறந்து மற்றதை மூடி வையுங்கள், செய்யப்போவதை முன்கூட்டியே சொல்லுங்கள்: “அப்பா, இப்ப காலைத் துடைக்கிறன்.” அவர் பேச முடியாமல் கிடந்தாலும் சொல்லுங்கள். வேறு கதை பேசிக்கொண்டே செய்தால் இரண்டு பேருக்கும் இலேசாக இருக்கும்.

தொண்டை

படுக்கையில் இருப்பவர்களைக் கொண்டுபோகிற காரணங்களில் நெஞ்சுச்சளிக் காய்ச்சல் முன்னுக்கு நிற்கிறது. அதில் நிறைய, சாப்பாடும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் போவதால் வருகிறது. ஊட்டும் முறையில் இதைப் பெருமளவு தடுக்கலாம்.

ஆளை நிமிர்த்தி, ஏறக்குறைய நேராக உட்கார வையுங்கள். நாடி சற்றுக் கீழே குனிந்திருக்க வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், தொண்டை திறந்துபோகும். ஆகவே நீங்களும் கதிரையில் அவர் கண்மட்டத்தில் இருங்கள். தேக்கரண்டி அளவு மட்டும், இயங்குகிற பக்கத்துக் கன்னத்துக்குள் வையுங்கள். விழுங்கியதைத் தொண்டையில் கண்டபின் அடுத்தது. டீவியை நிறுத்துங்கள், வாயில் சாப்பாடு இருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். முடிந்ததும் செயலிழந்த பக்கத்துக் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அரை மணித்தியாலம் நிமிர்ந்தபடியே இருக்கட்டும்.

நம் சாப்பாட்டில் எது ஆபத்து என்று தெரிந்திருக்க வேண்டும். பிட்டு உதிரும், உதிரி தொண்டையில் பறக்கும். இடியப்பம் இழையாக ஒட்டும். ரசம் விட்ட சோறு இன்னும் மோசம், ஏனென்றால் தண்ணீர் முதலில் ஓடிவிட, பருக்கை பின்னால் தங்கும். பாணின் மேற்பட்டை, அப்பத்தின் கருகிய ஓரம், பப்படம் எல்லாம் விலக்கு. விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு வெறும் தண்ணீரும் பிளேன்டீயும்தான் பலவேளை மிகக் கடினம், அவ்வளவு வேகமாக ஓடுகிற பொருள் வேறில்லை. குழையவிட்ட சோறும் பருப்பும் கெட்டிச் சொதியில் மசித்தது, கட்டியில்லாத குரக்கன் கஞ்சி, மசித்த பூசணி, நன்றாகப் பழுத்த பப்பாசி, தயிர் ஆகியவை பெரும்பாலும் பொருந்தும். நீரிழிவு, சிறுநீரக வருத்தம் இருந்தால் இந்தப் பட்டியலை வைத்தியரிடம் காட்டிக் கேளுங்கள். எந்தப் பதம் என்பதையும் அவரும் பேச்சுச் சிகிச்சையாளருமே தீர்மானிக்க வேண்டும்.

சாப்பிடும்போது இருமல், கண்ணில் நீர், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, பின்னேரங்களில் காரணமில்லாத காய்ச்சல் என்பவை சாப்பாடு வழிமாறுவதன் அடையாளங்கள். உடனே நிறுத்திக் காட்டுங்கள். மூக்குக் குழாயால் கொடுக்கிற வீடுகளில், ஒவ்வொரு முறையும் குழாயின் அடையாளம் மூக்கு நுனியில் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, தாதி சொல்லித்தந்தபடி குழாய் வயிற்றில்தான் இருக்கிறது என்று உறுதிசெய்தபின் கொடுங்கள். கழன்றுவிட்டால் நீங்களே திரும்பச் செலுத்தப் பார்க்காதீர்கள்.

வாயால் சாப்பிடாதவருக்கும் பல் துலக்க வேண்டும். அழுக்கான வாயின் எச்சில் நெஞ்சுக்குள் போனால்தான் கெடுதல் அதிகம். காலையும் இரவும் மிருதுவான பிரஷ். கட்டுப்பல்லை இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள்.

வயிறு, சலம், மருந்து

மூன்று நாள் மலம் போகவில்லை என்றால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு: பல நாள் மலச்சிக்கலுக்குப் பிறகு திடீரென்று தண்ணீராகக் கசியும். வயிற்றோட்டம் என்று நினைத்து மாத்திரை கொடுத்துவிடுவார்கள். உள்ளே இறுகிய மலத்தின் ஓரத்தால் வழிகிற தண்ணீராக அது இருக்கலாம். அந்த மாத்திரை நிலைமையை இன்னும் கெடுக்கும். மலம் போன நாளையும் அட்டவணையில் குறியுங்கள்.

சலக்குழாயின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் நிலத்தைத் தொடக்கூடாது. திருப்பும்போது பையைக் கட்டிலின் மேல் வைத்தால் சலம் திரும்பி உள்ளே ஓடும். குழாய் முறுக்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு திருப்பலுக்குப் பிறகும் பாருங்கள். சில மணித்தியாலமாகப் பையில் ஒன்றும் இறங்காமல் அடிவயிறு உப்பினால் அது அவசரம். முதியவர் திடீரென்று குழம்பிப் பேசினால் பைத்தியம் என்று சொல்லிவிடாதீர்கள்; சலத்தில் தொற்று, தண்ணீர் போதாமை, மலச்சிக்கல், நோவு, புது மருந்து என்ற வரிசையில் தேடுங்கள்.

மருந்தை ஒருவரே பெட்டியில் நிரப்ப வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தோறும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை இடித்துக் கொடுக்கக்கூடாது. ஒரு நாளுக்குரிய மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். எதை இடிக்கலாம் என்று ஒசுசலவிலோ வேறு பார்மசியிலோ கேட்டு ஒவ்வொரு பக்கெட்டிலும் எழுதுங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸில், பிரிட்ஜின் கதவில் இருக்கட்டும். உறைந்தால் எறிய வேண்டியதுதான். வியர்த்து, நடுங்கி, குழம்பினால் சீனி பாருங்கள். 70 mg/dLக்குக் கீழே என்றால், விழிப்பாகவும் விழுங்கக்கூடியவராகவும் இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். மயங்கியவரின் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள்.

மயக்கம், மூச்சுத் திணறல், வாய் கோணுதல், புதிதாகக் கை விழுதல், பேச்சுக் குழறுதல் என்றால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசம். பாரிசவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டியது. ஆகவே கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை எழுதிக்கொண்டு போங்கள். விலாசம் சொல்லும்போது லேனின் பெயரோடு காலி வீதியின் கடல் பக்கமா மற்றப் பக்கமா என்றும் சொல்லி, ஒருவரை லேன் முகப்பில் நிறுத்துங்கள். உங்கள் கட்டடத்து லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா என்பதை இன்றைக்கே காவலாளியிடம் கேட்டு வையுங்கள்.

இரவுப் பயம்

பொழுது சாயும் நேரத்தில் நினைவு தளர்ந்தவர்களுக்குப் பதற்றம் கூடும். வீட்டில் விளக்கை இருட்ட முன்னரே போட்டு, மூலைகளில் நிழல் விழாமல் பாருங்கள்.

கொழும்புத் தமிழ் வீடுகளில் இதற்கு வேறொரு முகமும் உண்டு. 1983 ஜூலைக் கலவரத்தை இந்த நகரத்தில் கண்டவர்கள் இப்போது எழுபதிலும் எண்பதிலும் இருக்கிறார்கள். இரத்மலானை விமான நிலையத்திலும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் அகதிகளாக இருந்து, காங்கேசன்துறைக்குக் கப்பலேறியவர்கள் அவர்களில் உண்டு. நினைவு தளரும்போது கிட்டத்து நாட்கள் முதலில் உதிர்ந்து, பழையவை மிஞ்சும். பட்டாசுச் சத்தம், வீதியில் கூட்டக் கூச்சல், எங்கோ ரயர் எரிகிற மணம் போதும், இரவு இரண்டு மணிக்கு “வாறாங்கள், கேற்றைப் பூட்டு” என்பார். “அது நாற்பது வருசத்துக்கு முந்தி, இப்ப ஒருத்தரும் வரேல்லை” என்று வாதாடினால் பயம் கூடும், தன்னை யாரும் நம்பவில்லை என்ற தனிமையும் சேரும். எழும்பிப் போய்க் கேற்றைப் பூட்டுங்கள், அல்லது பூட்டின சத்தம் கேட்கச் செய்யுங்கள். “பூட்டியாச்சு அம்மா. பிள்ளைகள் எல்லாரும் உள்ளுக்குத்தான். நான் பக்கத்திலை இருக்கிறன்.” கையைப் பிடித்தபடி மூச்சு ஆறுமட்டும் இருங்கள். அதற்குப் பிறகு ஒரு மிடறு, அவருக்குரிய பதத்தில், ஏதாவது குடிக்கக் கொடுத்துப் பேச்சை மாற்றலாம். புத்தாண்டு இரவு, தேர்தல் முடிவு வரும் இரவு போன்றவற்றில் வெடி கேட்கும் என்று முன்கூட்டியே தெரியும். யன்னலைச் சாத்தி, தேவாரமோ பழைய பாட்டோ மெதுவாகப் போட்டு வையுங்கள். நினைவிழப்பு பற்றிக் கேட்டறியக் கொழும்பில் லங்கா அல்சைமர் பவுண்டேஷன் இருக்கிறது.

பேசுவதும் வேலை கொடுப்பதும்

படுக்கையில் கிடப்பவரிடம் நாள் முழுக்க நாம் பேசுவது என்ன? வாயைத் திற, திரும்பு, விழுங்கு, நோகுதா. இதை மட்டுமே கேட்கிறவர் கொஞ்ச நாளில் கண்ணை மூடிக்கொள்கிறார். வருத்தத்தைப் பற்றி இல்லாத பேச்சு ஒன்றாவது ஒவ்வொரு நாளும் வேண்டும் என்று அட்டவணையிலேயே எழுதுங்கள்.

தான் எதற்காவது உதவுகிறோம் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். ஒரு கை இயங்கினால் முருங்கையிலை உருவலாம், பூ கோக்கக் கொடுத்து வாங்கலாம், துவாய் மடிக்கலாம். கை இயங்காவிட்டால் யோசனை கேளுங்கள்: மாங்காய்ச் சம்பலுக்கு உப்பு எவ்வளவு, மச்சாளின் பிள்ளையின் கலியாணத்துக்கு என்ன கொடுப்பது. கேட்டுவிட்டு, சொன்னதைச் செய்யுங்கள். பழைய அல்பத்தை எடுத்து ஒரு நாளைக்கு மூன்று நான்கு படம் வீதம் யார், எந்த ஊர், எந்த வருசம் என்று கேட்டுப் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதுங்கள். பேனை மை மறுபக்கம் ஊறும். அவர் பேச்சைத் தொலைபேசியில் பதிந்து வைக்கலாம், ஒரே மூச்சில் வாழ்க்கைக் கதை கேட்காமல், “உங்கட அம்மா எப்படித் தலை பின்னிவிடுவா?” போன்ற சின்னக் கேள்வி கேட்டால்தான் வாய் திறக்கும். வாழ்ந்ததற்குப் பொருள் இருந்தது என்று நாம் சொன்னால் அவர் நம்ப மாட்டார். தான் சொல்வதைப் பேரப்பிள்ளை எழுதிக்கொள்வதைக் கண்டால் நம்புவார்.

பாரிசவாதத்தால் பேச்சுப் போனவர்கள் பலருக்கு விளக்கம் முழுதாகப் போவதில்லை. செவிடரிடம் கத்துவது போலக் கத்தாதீர்கள். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியாகக் கேட்டு, பத்து வினாடியாவது பொறுத்திருங்கள். வார்த்தை வராதவர்கள் சிலர், மனப்பாடமான தேவாரத்தையோ செபத்தையோ கூட இருந்து தொடங்கினால் வரியோடு சேர்ந்து பாடிவிடுவார்கள். பாட்டு மூளையில் பேச்சைவிட விரிந்த இடத்தில் இருக்கிறது. தினமும் செய்து பாருங்கள். ஆடிவேல் தேர் காலி வீதியால் வரும் நாளிலாவது சக்கர நாற்காலியில் இருத்தி லேன் முகப்பு வரை கொண்டுபோக முடியுமா என்று பிசியோதெரபிஸ்டிடம் ஒரு மாதத்துக்கு முன்னரே கேட்டு, அதற்காகப் பயிற்சி செய்யுங்கள். நோக்கம் இருந்தால் பயிற்சி ஏறும்.

பார்த்துக்கொள்கிறவர்

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்புகிற ஒரே ஆள் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது. கிழமையில் இரண்டு இரவாவது தொடர்ந்து ஆறு மணித்தியாலம் அவர் வேறு அறையில் நித்திரை கொள்ள வேண்டும். இது சலுகை இல்லை, மருந்து அட்டவணை போலக் கட்டாயம். நித்திரை கெட்டவர்தான் இன்சுலினை இரண்டு தரம் போடுகிறார்.

வெளிநாட்டில் இருப்பவர்களிடம் “உதவி செய்யுங்கோ” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். காசும் நேரமும் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். மாதச் செலவை பம்பர்ஸ், மருந்து, ஆள் சம்பளம், மின்சாரம் என்று பிரித்து எழுதி எல்லோருக்கும் அனுப்பி, யார் எந்த வரியை ஏற்கிறார் என்று பெயர் போடச் சொல்லுங்கள். நேரம் என்பது இது: தினமும் மாலை 5 மணிக்கு லண்டன் மகன் வீடியோவில் அம்மாவோடு நாற்பது நிமிடம் இருப்பார், அந்த நேரம் பக்கத்து வீட்டு அக்கா அறையில் இருப்பார், நீங்கள் வெளியே போய்க் கடற்காற்று வாங்குவீர்கள். அவர்கள் இரண்டு கிழமை லீவில் வந்தால் அது உங்கள் லீவு. விருந்து சமைக்கிற வேலையை அன்போடு மறுத்துவிட்டு, முதல் இரண்டு நாள் கூட இருந்து பழக்கிவிட்டு, ஊருக்கோ உறவினர் வீட்டுக்கோ போய்விடுங்கள்.

சம்பளத்துக்கு ஆள் வைத்தால் அவருக்கும் எட்டு மணித்தியால நித்திரை, கிழமையில் ஒரு நாள் லீவு, வேளைக்குச் சாப்பாடு. என்னென்ன வேலை என்பதை அவர் வாசிக்கிற மொழியில், சிங்களமோ தமிழோ, எழுதிக் கொடுங்கள். பார்த்துக்கொள்பவரையே சமையலுக்கும் உடுப்புத் துவைக்கவும் வைத்தால் திருப்புதல்தான் முதலில் தவறும்.

வேலையை விட்டுவிடலாமா என்று எல்லோரும் யோசிக்கிறார்கள். சம்பளமில்லாத லீவு, அரை நாள், வீட்டிலிருந்து வேலை என்று எல்லா வழியும் முடிந்தபின் விடுங்கள். வேலை போனால் காசு மட்டும் போவதில்லை, உங்களை மகளாக அல்லாமல் வேறு பெயரில் தெரிந்த மனிதர்களும் போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை மயூரபதி அம்மன் கோயிலுக்குப் போகிறவர் போகட்டும், செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகிறவர் போகட்டும், வீணை வகுப்பு இருந்தவர் அதை விடவேண்டாம்.

கோபம் வரும். கை ஓங்குகிற அளவுக்கு வரும். அப்போது ஆளைப் பாதுகாப்பாகப் படுக்க வைத்து, அறையை விட்டு வெளியே வந்து, பத்து நிமிடம் கழித்துப் போங்கள். “இது முடிந்தால் நல்லது” என்ற எண்ணமும் வரும். பாசமில்லாதவர்களுக்கு மட்டும் வருகிற எண்ணம் அது அல்ல. களைத்துப்போன பெரும்பாலோருக்கு வரும். அதை ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். உறவினரிடம் சொல்ல முடியாவிட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் எந்நேரமும் இயங்குகிறது. கொழும்பு 7 ஹோர்ட்டன் பிளேசில் சுமித்ரயோ என்ற உதவி அமைப்பு இருக்கிறது, அங்கே பேசுவதற்குக் காசு வாங்குவதில்லை.

உடன்பிறந்தோர் முற்றாகக் கைவிட்டால் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அதன்கீழ் அமைந்த பராமரிப்புச் சபையில் பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரலாம். அங்கே போகுமுன் பிரதேச செயலகத்தின் முதியோர் உத்தியோகத்தரிடம் பேசுங்கள். அறிவு தெளிவாக இருக்கும்போதே வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குவதை வங்கியிலும், அற்றோணித் தத்துவம் (அவருக்காகக் காரியம் பார்க்க இன்னொருவருக்குக் கொடுக்கிற அதிகாரப் பத்திரம்), காணி உறுதி ஆகியவற்றை நொத்தாரிசு முன்னாலும் முடித்துவிடுங்கள். தெளிவு போனபின் கைநாட்டு வாங்குவது செல்லாது, பின்னால் சகோதரரைப் பிரிக்கும். ஓய்வூதியக்காரர் என்றால் வருடாந்த உயிர்வாழ் சான்றிதழுக்குக் கிராம அலுவலரை முன்கூட்டியே அணுகுங்கள்.

கடைசி நாட்கள்

சாப்பாட்டில் நாட்டமில்லாமல் போய், நாளின் பெரும்பகுதி நித்திரையிலேயே கழிந்து, மூச்சு நீண்டும் நின்றும் வரத் தொடங்கினால் நேரம் கிட்டியிருக்கலாம். திரும்ப வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதா வீட்டிலேயே வைத்திருப்பதா என்பதை அந்த இரவில் தீர்மானிக்கப் பார்க்காதீர்கள். அவருக்குப் பேச முடிந்த காலத்திலேயே அவரையும் வைத்தியரையும் கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளும் அதைத் தெரிந்திருக்க வேண்டும். கடைசி நாளில் வந்திறங்குகிறவர்தான் பெரும்பாலும் “ஏன் ஐசியூவில் போடேல்லை” என்று கேட்கிறார்.

பலவந்தமாக ஊட்டாதீர்கள். உடம்பு ஓயும்போது பசி ஓய்கிறது. ஊட்டினது நெஞ்சுக்குள் போகும். வாயில் பால் விடுவதும் தீர்த்தம் விடுவதும் நம் வழக்கம். நனைத்த பஞ்சால் உதட்டையும் நாக்கையும் ஈரமாக்கினால் வழக்கமும் நிறைவேறும், மூச்சும் திணறாது. உதட்டுக்கு வஸ்லின். நோவு இருப்பதாக முகம் சுருங்கினால் வைத்தியரிடம் நோ மருந்து கேளுங்கள், பொறுக்க விடாதீர்கள். நினைவில்லாதவர் போல இருந்தாலும் கேட்கிறது என்றே எண்ணிப் பேசுங்கள், அவர் தலைமாட்டில் காணிக் கதை பேசாதீர்கள்.

வீட்டில் உயிர் பிரிந்தால் மரணச் சான்றிதழுக்கு வைத்தியரின் காரணக் குறிப்பும் கிராம அலுவலரின் அறிவிப்பும் தேவைப்படும். ஆகவே அண்மையில் பார்த்த வைத்தியர் யார், கிளினிக் கொப்பி எங்கே, தேசிய அடையாள அட்டை எங்கே என்பது இருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

மிஞ்சிய மருந்துகளை வேறொருவருக்குக் கொடுக்காமல் பார்மசியிடம் கேட்டு அப்புறப்படுத்துங்கள். ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி, குப்பைக்காரர் கையில் குத்தாதபடி கிளினிக்கில் ஒப்படையுங்கள். சக்கர நாற்காலியும் காற்று மெத்தையும் லேனில் இன்னொரு வீட்டுக்கு உடனே தேவைப்படும், கேட்டுப் பாருங்கள். பார்த்துக்கொண்டவருக்கு இன்னும் பல கிழமை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை விழிப்பு வரும். அது தானாக அடங்கும். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து மாதங்கள் கழிந்தும் நித்திரையும் சாப்பாடும் திரும்பாவிட்டால் அவரை வைத்தியரிடம் கூட்டிப்போகிற பொறுப்பு மற்ற உடன்பிறந்தோருடையது. அதையும் இப்போதே அந்தத் தாளில் பெயர் போட்டு எழுதுங்கள்.